உப்பு மாவும் ஒரு வாரமும்

நேயர்களுக்கு அன்பு வணக்கம்.

மைதா, பொடி உப்பு, தண்ணீர். இன்று நான் பேச வந்திருப்பது இந்த மூன்றையும் பற்றித்தான். இவற்றைப் பிசைந்து, தட்டி, காயவைத்து, ஈஸ்டருக்கு வீட்டில் தொங்கவிடும் முட்டைகளும் முயல்களும் கோழிக்குஞ்சுகளும் செய்யலாம். பல வருடங்களாகப் பிள்ளைகளோடு உட்கார்ந்து இதைச் செய்துவருகிறேன். எனக்குப் பிடித்த கைவேலை எது என்று கேட்டால், யோசிக்காமல் இதைத்தான் சொல்வேன்.

எப்போது தொடங்குவது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஈஸ்டர் ஒரே தேதியில் வருவதில்லை. மார்ச் 21ஐ வசந்தத் தொடக்கமாக வைத்து, அன்றோ அதற்குப் பின்னோ வரும் முதல் பௌர்ணமிக்கு அடுத்த ஞாயிறுதான் ஈஸ்டர். அதனால்தான் 2025இல் ஏப்ரல் 20, 2026இல் ஏப்ரல் 5, 2027இல் மார்ச் 28 என்று நகர்ந்துகொண்டே இருக்கிறது. தேதி எதுவாக இருந்தாலும், ஈஸ்டருக்கு முந்தைய ஞாயிறான குருத்தோலை ஞாயிறு மதியம் மாவைப் பிசைந்துவிடுங்கள். உப்பு மாவு நிதானமாகக் காய ஏறக்குறைய ஒரு வாரம் கேட்கும். இரண்டு ஞாயிறுகளுக்கும் நடுவில் உள்ள புனித வாரம் அதற்குச் சரியாக இருக்கும்.

இப்போது அளவு. இரண்டு கப் மைதா, ஒரு கப் பொடி உப்பு, ஒரு கப் தண்ணீர். தண்ணீரை மட்டும் ஒரேயடியாக ஊற்றாதீர்கள். முதலில் முக்கால் கப். பிறகு மாவு கேட்கக் கேட்க, ஒவ்வொரு கரண்டியாக. எழுதிக்கொள்பவர்களுக்காக இன்னொரு முறை: மைதா இரண்டு, உப்பு ஒன்று, தண்ணீர் ஒன்றுக்குச் சற்றுக் குறைவு. கல் உப்பு வேண்டாம், மேற்பரப்பு சொரசொரவென்று ஆகிவிடும். பேக்கிங் பவுடர் கலந்த மாவும் வேண்டாம், அது உப்பி உருவத்தைக் கெடுத்துவிடும்.

பத்து நிமிடம் நன்றாகப் பிசைய வேண்டும். அவசரப்பட்டால் ஓரமெல்லாம் வெடிக்கும். தொட்டுப் பார்த்தால் காது மடல் போல மெத்தென்று இருக்க வேண்டும். அப்புறம் மூடி அரை மணி நேரம் விட்டுவிடுங்கள். பிசைந்த சூட்டோடு தேய்த்தால், வெட்டிய முட்டை நம் கண் முன்னாலேயே சுருங்கும். அரை மணி நேரத்தில் மாவின் இறுக்கம் தளர்ந்துவிடும்.

பூரிக்கட்டையால் அரை சென்டிமீட்டர் கனத்துக்குத் தேயுங்கள். எல்லா இடத்திலும் ஒரே கனம் இருப்பது முக்கியம். ஒரு பக்கம் மெல்லிசாக இருந்தால் அது முதலில் காய்ந்து மற்ற பக்கத்தை இழுக்கும், விரிசல் விடும். நூல் கோக்கும் துளையை ஈரமாக இருக்கும்போதே ஸ்ட்ராவால் போட்டுவிடுங்கள். அதையும் ஓரத்துக்கு மிக அருகில் போடாதீர்கள், பிய்ந்துவிடும்.

செம்மறிக்குட்டி செய்வதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசை. உடலுக்கு ஒரு நீள்வட்டம், தலைக்கு ஒரு சின்ன உருண்டை. ஒரு துண்டு மாவை டீ வடிகட்டிக்குள் வைத்துக் கட்டைவிரலால் அழுத்துங்கள். மறுபக்கம் மெல்லிய இழைகள் சுருண்டு சுருண்டு வெளியே வரும். கத்தி முனையால் வழித்தெடுத்து, தண்ணீர் தொட்ட உடல்மீது அப்படியே வைத்தால் கம்பளி தயார். கண்ணுக்கு இரண்டு மிளகு. இந்த இழைகள் வெளியே வரும் அந்த நொடியில் பிள்ளைகள் போடும் கூச்சலைக் கேட்பதற்காகவே நான் ஒவ்வொரு வருடமும் ஆட்டுக்குட்டியைக் கடைசிக்கு வைத்திருப்பேன்.

பிள்ளைகள் என்றதும் ஒரு விஷயம். இது தின்பதற்கான மாவு அல்ல. பச்சை மாவும் இவ்வளவு உப்பும் வயிற்றுக்கு ஆகாது. வீட்டில் நாய் இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். ஒரு சின்னத் துண்டிலேயே ஏகப்பட்ட உப்பு இருக்கும், நாயின் உயிருக்கே ஆபத்து. காயவைக்கும் தட்டையும் தொங்கவிடும் கிளையையும் அதற்கு எட்டாத உயரத்தில் வையுங்கள்.

சரி, காயவைப்பது. காற்றில் வைத்தால் தினமும் திருப்பிப்போட்டு ஐந்தாறு நாள் ஆகும். ஓவன் என்றால் 100 டிகிரியில் இரண்டு மூன்று மணி நேரம், நடுவில் ஒருமுறை திருப்பிப்போட்டு. முதல் வருடம் நான் பொறுமையில்லாமல் 180 டிகிரியில் வைத்தேன். உள்ளே இருந்த ஈரம் ஆவியாகி வெளியேற வழியில்லாமல், முட்டைகள் எல்லாம் கொப்புளம் கொப்புளமாக எழும்பி ஓரம் பழுப்பேறிவிட்டன. பன்னிரண்டில் இரண்டுதான் தேறின. காய்ந்ததா என்று பார்க்கக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது. நகத்தால் தட்டினால் டக்கென்று ஓட்டுச் சத்தம் வர வேண்டும்.

ஈரத்தை இவ்வளவு சொல்வதற்குக் காரணம் உப்புதான். உப்பு இருப்பதால் மாவில் பூஞ்சை எளிதில் பிடிக்காது. ஆனால் அதே உப்பு காற்றிலுள்ள ஈரத்தையும் உறிஞ்சும். வார்னிஷ் அடிக்காமல் பெட்டியில் வைத்த முயல் ஒன்று மழைக்காலம் முடிந்து எடுத்தபோது காது வளைந்து, தொட்டால் பிசுபிசுத்தது. எனவே அக்ரிலிக் பெயின்ட் அடித்து, அது காய்ந்ததும் வார்னிஷ் இரண்டு பூச்சு. முன்பக்கம், பின்பக்கம், ஓரம், துளையின் உள்பக்கம் உட்பட. நிறையத் தண்ணீர் கலந்த வண்ணம் வேண்டாம், மேல்தோல் இளகிவிடும்.

புதன்கிழமைக்குள் ஓவனில் காய்ந்துவிட்டால் வியாழன் வண்ணம், வெள்ளி ஓய்வு, சனிக்கிழமை காலை வார்னிஷ். காற்றில் காய்பவை வெள்ளிவரை தட்டிலேயே இருக்கட்டும், சனி காலையில் வண்ணமும் மதியத்துக்கு மேல் வார்னிஷும் அடிக்கலாம். ஜெர்மனியில் துளிர்க்கும் கிளைகளை ஜாடியில் வைத்து அதில் முட்டைகளைத் தொங்கவிடுவார்கள். நானும் அப்படித்தான் செய்கிறேன். இளமஞ்சள், இளம்பச்சை, ஊதா என்று பிள்ளைகள் இஷ்டத்துக்கு வண்ணம் அடிப்பார்கள். ஒரே ஒரு முட்டையை மட்டும் கோலம், புள்ளி எதுவும் இல்லாமல் முழுச் சிவப்பில் வைத்துக்கொள்வேன். கிழக்கத்தியத் திருச்சபைகளில் ஈஸ்டர் முட்டைக்குச் சிவப்புதான், கிறிஸ்துவின் இரத்தத்தின் அடையாளம். மற்றவற்றைச் சனி இரவே கட்டிவிடுவோம். சிவப்பு முட்டை மட்டும் ஞாயிறு விடிந்த பிறகு, வீட்டில் மிகச் சின்னப் பிள்ளை யாரோ அந்தக் கையால், உச்சிக் கிளையில் ஏறும்.

வணக்கம்.