தட்டை வச்சிட்டு மேல வாங்க

வணக்கம் நேயர்களே. எனக்கு மதுரை செல்லூர். டூர் மேனேஜரா 20 வருஷத்துக்கு மேல ஆளுகள கூட்டிக்கிட்டு போயிட்டு வர்றேன். வெளிநாட்டுப் பயணம் பத்தி ஒரு கால் மணி நேரம் பேசுங்கன்னு ரேடியோ நிலையத்துல கேட்டாங்க. சரின்னுட்டேன், ஆனா வீட்டுல உக்காந்து யோசிச்சப்ப எங்க ஆரம்பிக்கிறதுன்னே தெரியல, விசாவா, பாஸ்போர்ட்டா, ஹோட்டலா, இதெல்லாம் யாரு வேணா சொல்லிருவாங்க. அதனால நான் ஒரே ஒரு ராத்திரியப் பத்தி, அதுலயும் ரெண்டே ரெண்டு மணி நேரத்தப் பத்தி மட்டும் பேசப்போறேன். பாங்காக் போறவங்க எல்லாரும் சாயங்காலம் ஏறுற அந்த டின்னர் க்ரூஸ். சாவ் பிரயான்னு ஒரு ஆறு, ஊரு நடுவுல ஓடுது, அதுல பெரிய படகுல சாப்பிட்டுக்கிட்டே போயிட்டு வர்றது.

இதப் பத்தி எனக்கு ஏன் இவ்வளவு அக்கறைன்னா, நான் வைகைக் கரையில வளந்தவன். எங்க ஆத்துல தண்ணிங்கிறது விருந்தாளி மாதிரி, எப்பயோ வரும். சித்திரைத் திருவிழாவுக்கு அழகர் இறங்க அணையில தொறந்து விட்டுட்டாங்கன்னு பேச்சு வந்துட்டா போதும், நாங்க பயலுக எல்லாம் ஏ.வி. பாலத்துக்கு ஓடுவோம். மொதல்ல குப்பையும் நுரையும் வரும், அதுக்குப் பின்னாடி தண்ணி வரும், பாலம் பூரா சனம் எட்டி எட்டிப் பாக்கும். தண்ணியப் பாக்கவே கூட்டம் கூடுற ஊரு எங்க ஊரு. அப்படிப்பட்டவன் மொத மொதல்ல பாங்காக் போயி, கரை தொட்டு கரை தண்ணி நிறைஞ்சு, அது மேல படகும் கப்பலுமா போறதப் பாத்தப்ப எப்படி இருந்திருக்கும்னு நீங்களே நினைச்சுப் பாருங்க.

ஆனா நம்ம ஆளுக அங்க என்ன பண்றாங்க தெரியுமா? படகுல ஏறுவாங்க, நேரா உள்ள ஏசி ஹாலுக்குப் போவாங்க, பஃபே வரிசையில நிப்பாங்க, நம்ம சாப்பாடு இருக்கான்னு தேடுவாங்க, பாட்டுப் போட்டுருவாங்க, ஆடுவாங்க, அதுக்குள்ள படகு திரும்பி படித்துறைக்கு வந்துரும். ஆடக் கூடாதுன்னு நான் சொல்லல, சந்தோஷமா இருக்கத்தான் வந்திருக்கோம். ஆனா ரெண்டு மணி நேரமும் கண்ணாடிக்கு உள்ளயே இருந்தா வெளிய எது போச்சுன்னு தெரியாது, உள்ள வெளிச்சம் இருக்கதால கண்ணாடியில நம்ம மூஞ்சிதான் தெரியும். அதனால எல்லா குரூப்புக்கும் நான் சொல்றது ஒண்ணுதான், இன்னிக்கு உங்களுக்கும் அதத்தான் திரும்பத் திரும்ப சொல்லப்போறேன், தட்டை வச்சிட்டு மேல வாங்க. மொத 20 நிமிஷத்துல சாப்பிட்டு முடிங்க, மேல்தளத்துக்கு வாங்க.

சரி, மேல வந்தா என்ன இருக்கு? அந்த ஊரோட முன்வாசல் இருக்கு. ரோட்டுல டாக்ஸில போனா பாங்காக் ஒரே டிராஃபிக்கும் மேம்பாலமுமாத்தான் தெரியும், ஏன்னா நாம பின்பக்கமா நுழையறோம். அந்த ஊரு ஆத்தப் பாத்து கட்டுன ஊரு. அரண்மனை, கோயில், பழைய வீடுக, எல்லாத்துக்கும் தண்ணியில இறங்குற படி இருக்கும், ஒரு காலத்துல வர்றவங்க போறவங்க எல்லாம் படகுலதான். நம்ம பக்கம் இப்ப ஆத்துக்கு முதுகக் காட்டித்தான் வீடு கட்டுறோம், சாக்கடைய மட்டும் அந்தப் பக்கம் திருப்பி விடுறோம், அத நினைச்சா எனக்கு அங்க நிக்கும்போதே வலிக்கும்.

அங்க ஆத்துக்கு தாய் மொழியில 'மே நாம்'னு சொல்றாங்க. 'மே'ன்னா அம்மா, 'நாம்'னா தண்ணி. தண்ணித் தாய்னு வச்சுக்கங்களேன். வடக்க நக்கோன் சவான்கிற ஊருல பிங், நான்னு ரெண்டு ஆறு சேந்து இந்த சாவ் பிரயா பொறக்குது, அங்கிருந்து 372 கிலோமீட்டர் தெற்க ஓடிவந்து கடல்ல விழுது. வழி நெடுக நெல்லு வயலுதான்.

இன்னொரு விஷயம் சொல்றேன், இதச் சொல்லாம நான் ஒரு குரூப்பையும் விட்டதில்ல. நீங்க படகுல போற பாதையில முக்கியமான ஒரு பகுதி இருக்கு, வாட் அருண் கோயிலு, பெரிய அரண்மனை எல்லாம் இருக்கற பகுதி, அது நெசமான ஆறே இல்ல. வெட்டுன வாய்க்கா! பழைய ஆறு அந்த இடத்துல மேற்க ரொம்ப தூரம் வளைஞ்சு சுத்திக்கிட்டு போயிருக்கு, அப்ப தலைநகரம் மேல அயுத்தயாவுல, கடல்ல இருந்து வர்ற கப்பலெல்லாம் இந்த வளைவு பூரா சுத்தித்தான் போகணும். 1542-ல வளைவோட ரெண்டு முனையையும் சேத்து குறுக்க ஒரு வாய்க்கா வெட்டிட்டாங்க. தண்ணிக்கு குறுக்கு வழி கிடைச்சா விடுமா? வருஷா வருஷம் வெள்ளம் வந்து கரைய அரிச்சு அரிச்சு அந்த வாய்க்காவே பெரிய ஆறாப் போச்சு, பழைய ஆறு சுருங்கி பாங்காக் நொய், பாங்காக் யாய்னு ரெண்டு கால்வாயா இன்னிக்கும் கிடக்கு. படகு போகும்போது இடது பக்கம் அந்த வாய் தெரியும், இருட்டா ஒரு சந்து மாதிரி இருக்கும், யாரும் கவனிக்கறதில்ல, அதுதான் பழைய ஆறு. கண்மாய் வாய்க்கா பாத்து வளந்த ஆளுகளுக்கு இது சட்டுனு புரியும், விளக்கவே வேணாம்.

வாட் அருண் பத்தி சொல்லிர்றேன். அருண்னா வேற ஒண்ணுமில்ல, நம்ம அருணன்தான், சூரியனுக்குத் தேரோட்டுறவன். அந்தக் கோபுரத்துல பதிச்சிருக்கிறது பீங்கான் துண்டும் சிப்பியும். சீனாவுல இருந்து வந்த கப்பல்ல அடிப்பாரத்துக்கு போட்டுக் கொண்டுவந்த பீங்கான்னு சொல்லுவாங்க. பழைய 10 பாட் காசு கையில கிடைச்சா திருப்பிப் பாருங்க, அதுல இருக்கறது இந்தக் கோயில்தான். ராத்திரி விளக்கு போட்டதும் தண்ணியில தலைகீழா ஒரு கோபுரம் நிக்கும், படகு போற அலையில அது உடைஞ்சு உடைஞ்சு சேரும்.

இப்ப நான் சொல்லணும்னு வந்த கதைக்கு வர்றேன்.

சில வருஷம் முன்னாடி ஒரு குரூப்புல சோழவந்தான் பக்கத்துல இருந்து ஒரு பெரியம்மா வந்திருந்தாங்க. 70 வயசு இருக்கும், விவசாயம். மகன் டிக்கெட்டப் போட்டு கூட்டிட்டு வந்துட்டாரு, அவங்களுக்கு ஒண்ணும் பெரிய இஷ்டமில்ல. படகுல ஏறுனதும் ஏசி ஒத்துக்கல, தலைவலிக்குதுப்பான்னாங்க. கறி மீனும் சாப்பிட மாட்டாங்க. சரி வாங்க பெரியம்மான்னு கொஞ்சம் சோறும் வெட்டுன பழமும் ஒரு தட்டுல போட்டுக்கிட்டு மேல கூட்டிட்டுப் போயி கம்பி ஓரமா உக்கார வச்சேன். மேல நாலஞ்சு பேருதான் இருந்தாங்க. காத்து நல்லா அடிச்சது.

வாட் அருணப் பாத்தாங்க, கையெடுத்து கும்பிட்டாங்க, அருணன்னு சொன்னதும் "நம்ம சாமிதானா"ன்னாங்க, அதோட சரி. அப்புறம் எதிர்க்க ஒரு சின்ன இழுவைப் படகு வந்துச்சு, பின்னாடி வடம் கட்டி நாலு பெரிய இரும்புப் படகு, ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணா, இருட்டுல மெதுவா. அந்த ஊருல சரக்கெல்லாம் அப்படித்தான் போகும், நெல்லு, மணலு, சர்க்கரைன்னு. எங்க படகுல அத்தன கலர் விளக்கு, அதுல ஒரே ஒரு குழல் விளக்கு. பெரியம்மா எந்திரிச்சு நின்னுட்டாங்க. "ஏப்பா, அதுல என்னப்பா பாரம்? தண்ணி வெளிம்ப தொடுதே, அம்புட்டு அமுங்கி போகுது"ன்னாங்க. நான் அதுவரைக்கும் எத்தனையோ தடவ அந்த ஆத்துல போயிருக்கேன், பாரம் ஏத்துனது அமுங்கிப் போகும், வெறும் படகு உயரமா மிதக்கும்னு நின்னு பாத்ததே இல்ல. நெல்லா இருக்கும் பெரியம்மான்னேன். "மூட்ட ஏத்துன மாட்டு வண்டி மாதிரில்ல போகுது"ன்னாங்க.

கடைசிப் படகு கிட்டக்க வந்துச்சு. அதோட பின்பக்கம் ஒரு சின்ன ரூம்பு, அதுக்கு மேல கொடி கட்டி துணி காயுது, வாசல்ல ஒரு பொம்பளை கீழ உக்காந்து சட்டியில ஏதோ கிண்டிக்கிட்டு இருக்கா, பக்கத்துல ஒரு புள்ள தட்ட மடியில வச்சுக்கிட்டு சாப்பிடுது, ஒரு நாயி. அவங்களுக்கு வீடே அதுதான். பெரியம்மா பாத்துக்கிட்டே இருந்தாங்க, "அவுகளும் சாப்பிடுற நேரந்தேன்"னு சொல்லிட்டு கையத் தூக்கி ஆட்டுனாங்க. இந்தப் பக்கம் இத்தன வெளிச்சத்துல தெரியுமோ என்னமோன்னு நினைச்சேன். அந்தப் பொம்பளை கரண்டிய வச்சிட்டு ரெண்டு கையும் சேத்து வணக்கம் சொன்னா. நம்மள மாதிரியேதான் அங்கயும், 'வாய்'னு சொல்லுவாங்க அத. பெரியம்மாவும் தட்டைக் கீழ வச்சிட்டு கும்பிட்டாங்க. கீழ ஹால்ல பாட்டு சத்தம் காது கிழியுது, மேல இவங்க ரெண்டு பேரும், ஒரு வார்த்தை பேசல, படகு கடந்து போற வரைக்கும் பாத்துக்கிட்டு நின்னாங்க.

கதை முடியல. உக்காந்து கொஞ்ச நேரம் தண்ணியவே பாத்தாங்க. ஆகாயத்தாமரை கொத்துக் கொத்தா மிதந்து போகும் அந்த ஆத்துல, நம்ம வைகையில அடைச்சுக்கிட்டு கிடக்கே அதே செடிதான். அங்க அத சாவாத் தீவுல இருந்து 1901-ல அழகுச் செடின்னு கொண்டுவந்தாங்களாம், பேருலயே சாவான்னு இருக்கு, அப்புறம் நாடு பூரா பரவிருச்சு. பெரியம்மா கேட்டாங்க, "ஏப்பா, கடலு எந்தப் பக்கம்?" தெற்க, நமக்குப் பின்னாடின்னேன். "அப்ப தழை ஏன் மேல ஏறுது?"ன்னாங்க.

நேயர்களே, நான் திகைச்சுப் போயிட்டேன். பாத்தா நெசமாவே செடியெல்லாம் எங்க கூடவே வடக்கப் பாத்து வருது. மறுநாள் படித்துறையில கயிறு கட்டுற ஆளுகிட்ட சைகையில பாதி வார்த்தையில பாதின்னு கேட்டுத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். கடல் கிட்டக்க இருக்கு, ஊரே கடல் மட்டத்துக்கு ஒண்ணு ஒண்ணரை மீட்டர் உசரத்துலதான் இருக்கு, அதனால கடல்ல தண்ணி ஏறுற நேரத்துல ஆறு பின்னாடி தள்ளிக்கிட்டு மேல ஏறும், வத்துற நேரத்துல கீழ இறங்கும். தினமும் நடக்குது. கோடையில மேல இருந்து வர்ற தண்ணி குறைஞ்சா உப்புத் தண்ணி ரொம்ப தூரம் உள்ள ஏறி, குடிதண்ணி எடுக்கற இடத்துக்கே தொந்தரவாயிரும். வாழ்நாள் பூரா வாய்க்காத் தண்ணி எந்தப் பக்கம் பாயுதுன்னு பாத்து மடை தொறந்து விட்டவங்க, ஒரே ராத்திரியில கண்டுபிடிச்சுட்டாங்க. அன்னியில இருந்து நான் எந்தப் படகுல ஏறுனாலும் மொதல்ல தழை எந்தப் பக்கம் போகுதுன்னுதான் பாப்பேன்.

அதுக்குத்தான் சொல்றேன், தட்டை வச்சிட்டு மேல வாங்க.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தம்பி கை காட்டுறாரு, நேரம் போயிருச்சு போல. வேகமா சொல்லிர்றேன். டிக்கெட் எடுக்கும்போதே மேல்தளம்னு எழுதி வாங்கிக்கங்க. ஒரு தடவ ஒரு படகுல மேல்தளத்துக்கு காசு வாங்கிட்டு எங்க குரூப்ப கீழ ஸ்பீக்கருக்குப் பக்கத்துல உக்கார வச்சுட்டாங்க, வயசானவங்க ரெண்டு மணி நேரம் காதப் பொத்திக்கிட்டு இருந்தாங்க, எனக்கு இன்னும் ஆறல. எந்தப் பக்கம் சீட்டுன்னு சண்டை போடாதீங்க, போகும்போது கோயிலு இடது பக்கம், அரண்மனை வலது பக்கம், 2002-ல தொறந்த எட்டாம் ராமா பாலம், ஒரே தூண்ல கம்பி கட்டித் தொங்குமே, அந்தப் பக்கம் போயி திரும்பும், வரும்போது எல்லாம் மாறிரும், எல்லாருக்கும் எல்லாம் தெரியும். சைவச் சாப்பாடு வேணும்னா முன்னாடியே சொல்லிருங்க, மீன் சாறு ஊத்தாத சமையல் அங்க குறைவு. பெரிய படகு சத்தம் வேணாம்னா பழைய தேக்கு நெல்லுப் படக மாத்தி ஓட்டுறாங்க, காசு கூட, ஆனா அமைதி. மே நடுவுல இருந்து அக்டோபர் வரைக்கும் மழை, மேல போறவங்க மழைக் கோட்டு வச்சுக்கங்க.

நவம்பர் பௌர்ணமியில லோய் கிராத்தோங்னு அங்க வாழத்தண்ட வட்டமா வெட்டி, வாழை இலைய மடிச்சு வச்சு, விளக்கேத்தி ஆத்துல விடுவாங்க, அதப் பத்தியே ஒரு கால் மணி நேரம் பேசலாம்னு எழுதி வச்சிருந்தேன்.

இன்னும் ஒண்ணு, ஒரே ஒரு நிமிஷம் தம்பி. ஆத்தங்கரையில இருந்து ஆட்டோவுல போற தூரத்துல பெரிய ஊஞ்சல்னு செவப்பா ரெண்டு மரத் தூண் நிக்கும், 1935-லயே ஆட்டத்த நிறுத்திட்டாங்க. பக்கத்துல சின்னதா ஒரு பிராமணர் கோயில் இருக்கு, அந்த மரபுல அரசவைச் சடங்குக்கு ஓதுறதுல நம்ம திருவெம்பாவை இருக்கு, அந்த ஊஞ்சல் விழாவுக்குப் பேரே திரியம்பாவாய் திரிபாவாய்னுதான். டின்னர் க்ரூஸ் சாயங்காலம்தானே, மறுநாள் காலையில அங்க ஒரு எட்டு போயிட்டு வாங்க. வணக்கம்.