பெர்ரி போரரும் பொறுக்குக் கூலியும்

(கூடலூரில் சிறு காபி விவசாயிகள் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

அவைத் தலைவர் அவர்களே, மழையிலும் வந்து அமர்ந்திருக்கும் தோட்டக்கலைத் துறை அதிகாரி அவர்களே, என் பேச்சைப் பொறுமையாகக் கேட்டே பழகிவிட்ட ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயா அவர்களே, பின்வரிசையை நிறைத்திருக்கும் தாய்மார்களே, மைக் செட்டுக்குக் காசு வாங்காத தம்பியே, எல்லோருக்கும் வணக்கம். சால்வை போட்டவர்களுக்குத் தனி வணக்கம்; குளிருக்கு உதவுகிறது.

நோட்டீஸில் மூன்று பூச்சிகள் போட்டிருக்கிறார்கள். நம் காபிக்காய் துளைப்பான், 2018இல் வந்த மக்காச்சோளப் படைப்புழு, தென்னை வெள்ளை ஈ. மூன்றும் வெளிநாட்டுச் சரக்கு. ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டியதாம். எப்படி விரட்டியது என்பதுதான் இன்றைய பேச்சு.

முதலில் நம் காபிக்காய் துளைப்பான், அதாவது பெர்ரி போரர் வண்டு. சொந்த ஊர் ஆப்பிரிக்கா. இந்தியாவில் முதன்முதலாகக் கண்டது 1990இல், இதே கூடலூரில்! பெண் வண்டு ஒன்றரை மில்லிமீட்டர் இருக்கும். காயின் தொப்புள் பக்கமாகத் துளைத்து உள்ளே போய் முட்டையிடும். குஞ்சு, புழு, கல்யாணம் எல்லாம் கொட்டைக்குள்ளேயே. ஆணுக்குப் பறக்கவே தெரியாது.

கொட்டைக்குள் இருப்பது காஃபீன். நமக்குச் சுறுசுறுப்பு, பூச்சிக்கு விஷம். இந்த வண்டு மட்டும் பிறந்தது முதல் அதிலேயே கிடந்து எப்படிப் பிழைக்கிறது? அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தாரும் அந்நாட்டு வேளாண் துறையினரும் 2015இல் விடை சொன்னார்கள். வண்டின் குடலில் சூடோமோனாஸ் ஃபுல்வா என்றொரு பாக்டீரியா. காஃபீனை உடைக்கும் மரபணு அதனிடம் இருக்கிறது. ஆன்டிபயாடிக் கொடுத்துக் குடல் கிருமிகளை ஒழித்தபோது, வண்டின் எச்சத்தில் காஃபீன் அப்படியே வந்தது. முட்டையும் புழுவும் வெகுவாகக் குறைந்தன. அந்த பாக்டீரியாவைத் திரும்பக் கொடுத்ததும் காஃபீன் செரித்தது. ஆக, நம் ஊருக்கு வந்த விருந்தாளி சமையல்காரனையும் கூடவே கூட்டி வந்திருக்கிறான்.

"அப்படியானால் தோட்டத்துக்கு ஆன்டிபயாடிக் அடிக்கலாமா?" என்று ஒரு அண்ணன் கேட்கிறார். வேண்டாம் அண்ணே. மருந்துக்கு அசையாத கிருமிகள் மண்ணில் பெருகினால், நாளை நமக்குக் காய்ச்சல் வரும்போது மாத்திரை வேலை செய்யாது.

இந்த வண்டு எங்கள் வீட்டுக் கல்யாணத்தையே ஆட்டிய கதை ஒன்று உண்டு. என் சின்ன அத்தையைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா மேட்டுப்பாளையத்தில் காபிக்கொட்டை வியாபாரி. பாட்டிக்குப் பெருமை தாங்கவில்லை. சொந்தத் தோட்டத்துக் கொட்டை, தானே வறுத்து, தானே அரைத்து, பித்தளை டபராவில் கொடுத்தாள். சம்பந்தி ஒரு வாய் குடித்தார், வைத்துவிட்டார். பாட்டிக்கு முகம் வெளிறிவிட்டது. சர்க்கரை போதவில்லையோ, பால் திரிந்துவிட்டதோ என்று தாத்தா எழுந்து நின்றுவிட்டார். சம்பந்தி நிதானமாக, "வறுக்காத கொட்டை கொஞ்சம் கொண்டுவாங்க" என்றார். முறத்தில் கொண்டுவந்தார்கள். ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். குண்டூசி முனைத் துளை! "பொண்ணு பிடிச்சிருக்கு. காபிதான் வேண்டாம்" என்றார். கல்யாணம் நடந்தது. ஆனால் அந்த வருஷம் எங்கள் மூட்டையை அவர் எடுக்கவே இல்லை. ஒண்ட வந்த பிடாரி சம்பந்தி வீடுவரை வந்துவிட்டது!

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மருந்தடித்தால் இலை நனையும். வண்டு கொட்டைக்குள் இருக்கிறது. குடல் கிருமியோ அதற்கும் உள்ளே. அறுவடைக்குப் பின் செடியில் விட்ட காயும் தரையில் உதிர்ந்த காயும்தான் வண்டுக்கு அடுத்த பருவம்வரை வீடு. அவற்றைப் பொறுக்கிக் கொதிநீரில் இரண்டு மூன்று நிமிடம் முக்கினால் வண்டும் போச்சு, அதன் வயிற்றுக் கூட்டாளியும் போச்சு.

யார் பொறுக்குவது? பின்வரிசைத் தாய்மார்கள். பழம் பறிக்கக் கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. உதிரிக்காயை நாளெல்லாம் குனிந்து பொறுக்கினாலும் கூடை நிறையாது; கிலோ கணக்கில் போட்டால் டீ செலவுக்கும் வராது. அதனால் யாரும் பொறுக்குவதில்லை. பூச்சிமருந்துக்கு மானியம் கேட்கிறோம், உதிரிக்காய் பொறுக்க நாள்கூலி மானியம் ஏன் கேட்பதில்லை? பக்கத்துத் தோட்டக்காரர் பொறுக்காவிட்டால் நம் உழைப்பும் வீண். வண்டுக்கு வேலி தெரியாது. எல்லோரும் ஒரே வாரத்தில் பொறுக்க வேண்டும், அதற்கு அரசு கூலி தர வேண்டும்.

படைப்புழுவுக்கும் வெள்ளை ஈக்கும் நேரமில்லை. தலைவர் இரண்டு முறை மணி பார்த்துவிட்டார். தீர்மான நோட்டு தலைமையாசிரியர் ஐயாவிடம் இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போங்கள். அதிகாரி அவர்கள் அதை மேலே அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார்.