கோப்புக்கு வரலாறு கிடையாது

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு, நிரல்களில் செய்யும் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் மென்பொருளில், ஒரு கோப்பின் திருத்த வரலாற்றைக் காட்டும் கட்டளை. கிட் லாக் என்று அடித்து, இடைவெளி விட்டு, கோப்பின் பெயரைக் கொடுத்து என்டர் தட்ட வேண்டும். அவ்வளவுதான். இதற்கு ஒரு மணி நேரமா என்று பின்வரிசையில் முணுமுணுப்பது கேட்கிறது. நியாயமான கேள்விதான். கட்டளையை எப்படி அடிப்பது என்று சொல்ல நான் வரவில்லை. கிட் மென்பொருளில் கோப்புக்கு வரலாறு என்று ஒன்று கிடையாது. இல்லாத ஒன்றை அந்தக் கட்டளை எங்கிருந்து எடுத்துக் காட்டுகிறது என்பதுதான் இன்றைய பேச்சு. இது விளங்காதவர்கள், லாக்கில் வராதது நடக்கவே இல்லை என்று அடித்துப் பேசி அலுவலகத்தில் வீண் சண்டை வளர்க்கிறார்கள்.

ஒரு காலத்தில் கோப்புக்கு வரலாறு இருந்தது. 1972-இல் பெல் ஆய்வகத்தில் மார்க் ராச்கைண்ட் உருவாக்கிய எஸ்சிசிஎஸ், 1980-களின் தொடக்கத்தில் பர்டூ பல்கலைக்கழகத்தில் வால்டர் டிக்கி எழுதிய ஆர்சிஎஸ் ஆகிய இரண்டும் கிட்டுக்கு முன்னோடிகள்; இரண்டுமே கோப்பைத்தான் அலகாகக் கொண்டன. ஆர்சிஎஸ் ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு துணைக்கோப்பு வைத்துக்கொள்ளும். அதன் பெயர் ஒரு கமாவிலும் வி என்ற எழுத்திலும் முடியும். கடைசிப் பதிப்பு அதில் முழுதாக இருக்கும். முந்தைய பதிப்புகளுக்குத் திரும்பத் தேவையான வேறுபாடுகள் மட்டும் அடுத்தடுத்து அடுக்கப்பட்டிருக்கும். ஆர்லாக் என்று கேட்டால், அந்த ஒரு கோப்பைத் திறந்து 1.1, 1.2, 1.3 என்று ஒப்பித்துவிடும். பிறகு வந்த சிவிஎஸ்ஸும் அதே கமா-வி கோப்புகளின் மேல் கட்டப்பட்டதுதான்.

கோப்புக்குக் குறைவில்லை, திண்டாட்டம் எல்லாம் திட்டத்துக்குத்தான். பத்துக் கோப்புகளைத் தொட்டு ஒரு பிழையைத் திருத்தினால், சிவிஎஸ் அதைப் பத்துத் தனித்தனித் திருத்தங்களாகப் பதிந்துகொள்ளும். அவை ஒரே வேலையின் பகுதிகள் என்பதைப் பின்னால் ஊகிக்க வேண்டும்: அதே ஆள், அதே குறிப்பு, ஏறக்குறைய அதே நேரம். இப்படி ஊகிப்பதற்கென்றே தனி நிரல்கள் இருந்தன. கோப்பின் பெயரை மாற்றினால் பழைய வரலாறு பழைய பெயரோடு நின்றுவிடும். அதைக் காப்பாற்ற, சர்வருக்குள் புகுந்து கமா-வி கோப்பைக் கையால் நகலெடுத்தவர்கள் இந்த அரங்கிலும் இருக்கலாம். நரைத்த தலைகளை இங்கிருந்தே எண்ணுகிறேன்.

2005-இல் நிலைமை தலைகீழானது. லினக்ஸ் இயங்குதளத்தின் மையப்பகுதியான கர்னலை எழுதும் அணியினர் 2002 முதல் இதே வேலைக்குப் பயன்படுத்திவந்த பிட்கீப்பர் மென்பொருளின் இலவச உரிமம் அந்த ஆண்டு ஏப்ரலில் விலக்கிக்கொள்ளப்பட்டது. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் கிட்டை எழுத உட்கார்ந்தார். ஏப்ரல் 7 அன்றே கிட்டின் நிரலைக் கிட்டே பாதுகாக்கத் தொடங்கிவிட்டது. ஜூலையில் பராமரிப்புப் பொறுப்பு ஜூனியோ ஹமானோவிடம் போனது.

கிட்டில் ஒரு கமிட் என்பது திட்டம் முழுவதும் அந்த நொடியில் எப்படி இருந்தது என்பதன் பதிவு. எழுதியவர் யார், பதிந்தவர் யார், எப்போது, என்ன குறிப்பு, முந்தைய கமிட் எது, கோப்புகளை அடுக்கிவைக்கும் அடைவுகளின் உச்சி எது ஆகியவைதான் அதில் இருக்கும். எந்தக் கோப்பு மாறியது என்று அதில் எங்குமே எழுதியிருக்காது. நீங்கள் கோப்பின் பெயரைக் கொடுத்ததும், கிட் கடைசிக் கமிட்டிலிருந்து பின்னோக்கி நடக்கிறது. ஒவ்வொரு நிலையிலும், இந்தப் பெயரில் இங்கே இருப்பதும் முந்தைய கமிட்டில் இருப்பதும் ஒன்றா என்று பார்க்கிறது. ஒன்றென்றால் அந்தக் கமிட்டை விழுங்கிவிடுகிறது; வேறென்றால் திரையில் துப்புகிறது. ஓர் அடைவின் ஹாஷ், அதாவது உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்டு எடுக்கும் அடையாளக் குறி, மாறவில்லை என்றால் அதற்குள் இறங்க வேண்டியதே இல்லை. அதனால்தான் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கமிட்டுகளோடு கர்னலின் நிரலைச் சேமித்துவைத்திருக்கும் களஞ்சியத்தில்கூட இது நடைமுறையில் சாத்தியமாகிறது. 2020-இல் வெளிவந்த 2.27 பதிப்பில், எந்தக் கமிட் எந்தப் பாதைகளைத் தொட்டிருக்கலாம் என்று முன்கூட்டியே சுருக்கமாகக் குறித்துவைக்கும் வசதியும் சேர்ந்தது. அதுவும் வேகத்துக்கான குறிப்பேடுதான், வரலாறு அல்ல.

சொத்து வாங்கியவர்களுக்கு இது எளிதில் பிடிபடும். சார்பதிவாளர் அலுவலகத்தில் உங்கள் மனைக்கென்று தனி வரலாற்றுப் புத்தகம் கிடையாது. பத்திரங்கள் பதிவான வரிசையில் இருக்கின்றன. சர்வே எண்ணைக் கொடுத்து வில்லங்கச் சான்றிதழ் கேட்டால், அந்த எண்ணைத் தொட்ட பத்திரங்களை மட்டும் தேடிப் பொறுக்கித் தருகிறார்கள். மனை உட்பிரிவாகிப் புது எண் வாங்கியிருந்தால், புது எண்ணுக்கு மட்டும் மனுப் போட்டவருக்கு உட்பிரிவுக்குப் பிந்தைய கதைதான் கிடைக்கும். பழைய எண்ணையும் சேர்த்துக் கேட்டவரே தாய்ப்பத்திரம்வரை போகிறார்.

இப்போது ஒரு கோப்பைப் பார்ப்போம். எந்த நிரல் எப்போது செயலியில் ஓட வேண்டும் என்று தீர்மானிக்கும் பகுதி கர்னலில் ஸ்கெட் என்ற அடைவில் இருக்கிறது. அதில் கோர்.சி முக்கியமான கோப்பு. கிட் லாக் கொடுத்து, கடைசிவரை உருட்டுங்கள். 2011-இல் வந்து முட்டி நிற்கும். கர்னலின் இதயம் போன்ற நிரல் 2011-இலா பிறந்தது? இல்லை. அதுவரை அது ஸ்கெட்.சி என்ற பெயரில் ஓர் அடைவு மேலே இருந்தது. ஸ்கெட் என்று தொடங்கும் கோப்புகள் பெருகிவிட்டன என்று பீட்டர் ஸைல்ஸ்ட்ரா எல்லாவற்றையும் தனி அடைவுக்குள் குடியேற்றினார். நிரலைத் தொகுக்கும் வழிமுறை எழுதிய மேக்ஃபைலில் செய்த ஒட்டுவேலை தவிர நிரலில் மாற்றமில்லை என்று குறிப்பிலேயே எழுதியும் வைத்தார்.

அதே கட்டளையில் இரண்டு கோடு போட்டு ஃபாலோ என்று சேர்த்துக்கொள்ளுங்கள். 2011-ஐத் தாண்டி, பழைய பெயரைப் பிடித்துக்கொண்டு, செயலியின் நேரத்தை நிரல்களுக்குப் பங்கிடும் சிஎஃப்எஸ் முறையை இங்கோ மோல்னார் 2007-இல் கொண்டுவந்த காலத்தையும் கடந்து பின்னால் போகும். ஆனால் பெயர்மாற்றம் கிட்டில் எங்கும் பதிவாவதில்லை. ஒரு கோப்பு மறைந்து, அதே கமிட்டில் ஏறக்குறைய அதேபோன்ற இன்னொன்று முளைத்தால், இரண்டும் ஒன்றாக இருக்கலாம் என்று கிட் கணிக்கிறது. வழக்கமான அளவுகோல் 50 சதவீத ஒற்றுமை. பெயரை மாற்றும் சாக்கில் உள்ளே பாதிக்கு மேல் திருத்தியும் எழுதிவிட்டால் கணிப்பு தவறும், நூல் அறுந்துவிடும். பெயர்மாற்றத்தைத் தனிக் கமிட்டாகவும் திருத்தத்தைத் தனிக் கமிட்டாகவும் போடச் சொல்வது இதனால்தான். ஃபாலோ 2007-இல் வந்தது. ஒரு நேரத்தில் ஒரு கோப்புக்குத்தான் வேலை செய்யும். அடைவுக்குக் கொடுத்துப் பார்த்து ஏமாற வேண்டாம்.

ஃபாலோவும் ஓரிடத்தில் நின்றுவிடும். 2005 ஏப்ரல் 16, லினக்ஸ் 2.6.12-ஆர்சி2. கர்னல்காரர்களுக்கு அந்தக் கமிட்டின் ஹாஷ் மனப்பாடம்: 1டிஏ177இ4. அதன் குறிப்பில், முழு வரலாறும் கையில் இருக்கிறது, ஆனாலும் இப்போது ஏற்றப்போவதில்லை, கிட்டில் ஏற்றினால் ஏறக்குறைய 3.2 ஜிபி ஆகும் என்று டோர்வால்ட்ஸ் காரணம் சொல்லியிருப்பார். 1991-இல் தொடங்கிய திட்டத்தின் பதினான்கு ஆண்டுகள் அந்தக் கோட்டுக்கு அப்பால். பிட்கீப்பர் காலத்து வரலாற்றைத் தாமஸ் கிளைக்ஸ்னர் தனிக் களஞ்சியமாக ஆக்கி வைத்திருக்கிறார். வேண்டியவர்கள் கிட் ரிப்ளேஸ் கட்டளையால் இரண்டையும் ஒட்டிப் பார்க்கலாம். ஒரு வரியின் மூலத்தைத் தேடி 1டிஏ177இ4-இல் வந்து நின்றால், எழுதியவர் டோர்வால்ட்ஸ் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அந்தக் கோடு போடப்பட்ட நாள் அது, அவ்வளவுதான்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்த இடத்துக்கு இப்போது வருகிறேன். இரண்டு கிளைகள், அதாவது ஒரே நிரலில் தனித்தனியே பிரிந்து நடக்கும் இரண்டு வேலைத் தொடர்கள். முதல் கிளையில் ஒருவர் சம்பளம்.சி கோப்பில் ஒரு வரம்புச் சரிபார்ப்பைச் சேர்க்கிறார். இரண்டாவது கிளையில் வேறொருவர் அதே வரிகளை வேறு காரணத்துக்காகத் திருத்துகிறார். மூன்றாமவர் இரண்டையும் இணைக்கிறார், மோதல் வருகிறது. மணி ஏழு, வீட்டுக்குக் கிளம்பும் அவசரம். இரண்டாவது கிளையின் கோப்பை அப்படியே வைத்துக்கொண்டு இணைப்பை முடித்துவிடுகிறார். சரிபார்ப்பு காணாமல் போகிறது.

இரண்டு வாரம் கழித்துப் பிழை திரும்பி வருகிறது. முதலாமவர், நான் அன்றைக்கே சரிசெய்துவிட்டேனே என்கிறார். குழுத்தலைவர் கிட் லாக் சம்பளம்.சி என்று அடித்துக் காட்டுகிறார். அவருடைய கமிட் இல்லை. பின்னோக்கி நடக்கும் கிட், இணைப்புக் கமிட்டுக்கு வந்ததும் அதன் இரண்டு பெற்றோரையும், அதாவது இரண்டு கிளைகளிலிருந்தும் வந்த முந்தைய கமிட்டுகளையும், பார்த்தது. இரண்டாவது கிளையில் உள்ள கோப்பும் இணைப்பில் உள்ள கோப்பும் எழுத்துக்கு எழுத்து ஒன்று. அப்படியானால் இன்றைய நிலையை விளக்க அந்த ஒரு வழியே போதும் என்று முதல் கிளைக்குள் கால்வைக்காமலேயே போய்விட்டது. இது பிழை அல்ல, வேண்டுமென்றே செய்த ஏற்பாடு. பெயர் மட்டும் கொடுத்து நீங்கள் கேட்கும் கேள்வி, இந்தக் கோப்பு இன்றைய நிலைக்கு எப்படி வந்தது என்பது. அதற்கு மிகச் சுருக்கமான பதிலைக் கிட் தருகிறது. இந்தக் கோப்பில் யார் யார் கைவைத்தார்கள் என்பது வேறு கேள்வி. அதைக் கேட்க ஃபுல் ஹிஸ்டரி என்ற தெரிவு இருக்கிறது. அதைச் சேர்த்ததும் காணாமல் போன கமிட்டும் வரும், அதைக் காணாமல் அடித்த இணைப்பும் வரும்.

இணைப்பு வந்தாலும் அதற்குள் நடந்தது தெரியாது, ஏனெனில் வேறுபாட்டைக் காட்டும் தெரிவான ஒற்றைக் கோடு போட்ட பி, இணைப்புகளுக்கு வழக்கமாக வாய் திறக்காது. கூடவே எம் என்ற தெரிவைக் கொடுத்தால் ஒவ்வொரு பெற்றோரோடும் தனித்தனியே ஒப்பிட்டுக் காட்டும். இன்னும் நல்லது, 2022-இல் 2.36 பதிப்பில் வந்த ரீமெர்ஜ் டிஃப். அது அந்த இணைப்பை மறுபடி தானே செய்து பார்த்து, மோதல் வந்த இடத்தில் மனிதர் எதை வைத்தார், எதை எடுத்தார் என்பதை மட்டும் காட்டும். ஏழு மணி அவசரம் அதில் தெளிவாகத் தெரியும்.

மற்றத் தெரிவுகளை ஓட்டமாகச் சொல்லிவிடுகிறேன். நீக்கப்பட்ட கோப்பின் பெயரைக் கொடுத்தால் கிட் கோபித்துக்கொள்ளும். பெயருக்கு முன்னால் தனியாக இரண்டு கோடு போட்டு, இது பாதைதான் என்று சொல்லுங்கள். பெரிய எஸ் என்ற தெரிவு, ஒரு சொல் எத்தனை முறை வருகிறது என்ற எண்ணிக்கை மாறிய கமிட்டுகளை மட்டும் தரும். ஒரு மாறிலி எப்போது நுழைந்தது, எப்போது போனது என்று பார்க்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. பெரிய எல் தெரிவுக்கு வரி எண்களையோ செயற்கூறின் பெயரையோ கொடுத்தால், அந்தத் துண்டின் கதையை மட்டும் சொல்லும். இது 2013 முதல் இருக்கிறது. இருந்தும் பலர் கோப்பு முழுவதையும் உருட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

கோப்பின் உச்சியில் தேதி, பெயர், மாற்றம் என்று விளக்கக் குறிப்பாகப் பட்டியல் வளர்க்கும் வழக்கம் பல நிறுவனங்களில் இன்றும் இருக்கிறது. ஆர்சிஎஸ் காலத்தில் இரண்டு டாலர் குறிகளுக்கு நடுவே லாக் என்று எழுதினால், அந்தப் பட்டியலை அதுவே வளர்க்கும். அந்தக் கருவி போய்விட்டது, சடங்கு மட்டும் கைவேலையாக மிஞ்சியிருக்கிறது. அந்த நேரத்தில் கமிட் குறிப்பை ஒழுங்காக எழுதலாம். கர்னலில் ஒரு பிழையைத் திருத்தும்போது, அந்தப் பிழையைக் கொண்டுவந்த கமிட்டின் ஹாஷில் முதல் பன்னிரண்டு எழுத்துகளை ஃபிக்ஸஸ் என்ற வரியில் சேர்க்கிறார்கள். லாக்கைப் படிப்பவருக்கு அந்த ஒரு வரி போதும், அடுத்து எங்கே போக வேண்டும் என்று தெரிந்துவிடும். பக்கத்திலேயே சரிசெய்தேன், மறுபடி சரிசெய்தேன், இறுதி, மெய்யான இறுதி என்று குறிப்பு எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் களஞ்சியத்தில் எந்தத் தெரிவும் எடுபடாது.

கடைசியாக ஒன்று. எக்ஸ்இசட் சுருக்க மென்பொருளில் திருட்டு வாசல் வைக்கப்பட்டிருந்ததை 2024 மார்ச் 29 அன்று ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் வெளிப்படுத்தினார். வெளியான 5.6.0, 5.6.1 இரண்டிலும் அது இருந்தது. சோதனைக்கான இருமக் கோப்புகள் என்ற போர்வையில் அதன் உடல் களஞ்சியத்திலேயே கிடந்தது, லாக்கிலும் தெரிந்தது. ஆனால் அந்த உடலுக்கு உயிர் கொடுக்கும் வரி, பதிவிறக்கத்துக்காக நிரல்கோப்புகளை ஒன்றாகக் கட்டி வைத்திருந்த டார் தொகுப்பில் மட்டும் இருந்த ஒரு கட்டமைப்புக் கோப்பில் இருந்தது. அந்த வரி கமிட்டே ஆகவில்லை. களஞ்சியத்தில் எந்தக் கோப்பின் பெயரைக் கொடுத்து, எத்தனை தெரிவுகள் போட்டுக் கேட்டிருந்தாலும் கிட் அதைக் காட்டியிருக்க முடியாது. டார் தொகுப்பைப் பிரித்து, களஞ்சியத்தில் அதே பதிப்பு என்று குறிச்சொல் இட்ட கமிட்டில் இருக்கும் கோப்புகளோடு ஒப்பிட்டிருந்தால் தெரிந்திருக்கும். அது வேறொரு கட்டளை.

திரையில் கர்னல் களஞ்சியம் திறந்திருக்கிறது. ஏதாவது ஒரு கோப்பின் பெயரைச் சொல்லுங்கள், சேர்ந்து பார்க்கலாம்.