காப்லண்டுக்குப் 13 வாத்தியங்கள் போதும்

நேயர்களுக்கு வணக்கம். அமெரிக்க இசையமைப்பாளர் ஏரன் காப்லண்டைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

1949இல் அவர் இசையில் வந்த ஹாலிவுட் படம் 'தி ஏரெஸ்'. காதலனோடு வீட்டை விட்டுக் கிளம்பிவிட நாயகி இரவில் காத்திருக்கிறாள். அவன் வரவே இல்லை. முன்னோட்டமாகத் திரையிட்டபோது இந்த இடத்தில் ஜனங்கள் சிரித்துவிட்டார்கள். இயக்குநர் வில்லியம் வைலர் காப்லண்டிடம்தான் வந்து நின்றார். அந்த இடத்து இசையை எடுத்துவிட்டு, காதை உறுத்தும்படி சுரங்கள் ஒன்றோடொன்று மோதுகிற வேறு இசையை எழுதிக் கொடுத்தார் காப்லண்ட். அடுத்த முறை திரையிட்டபோது ஒருவரும் சிரிக்கவில்லை!

படத்தின் இசைக்கு ஆஸ்கர் விருதும் கிடைத்தது. ஆனால் எழுத்துகள் ஓடும் தொடக்கத்தில் அவர் அமைத்ததை மாற்றிவிட்டிருந்தார்கள். அது தன் இசை அல்ல என்று வெளிப்படையாகவே அறிவித்தார். அந்த ரோஷம் எனக்கு மிகவும் பிடிக்கும்.

புரூக்ளினில் கடை வைத்திருந்த யூதக் குடும்பத்தில் 1900இல் பிறந்தவர். இருபது வயதில் பிரான்சுக்குப் போய் இசை ஆசிரியை நாடியா பூலான்ஜேயிடம் பயின்றார். ஆரம்பத்தில் கரடுமுரடாக எழுதியவர், முப்பதுகளில் சாதாரண ஜனங்களின் காதுக்கும் எட்ட வேண்டும் என்று எளிமைக்குத் திரும்பினார். அந்த எளிமை முழுசாகக் கனிந்தது 'அப்பலேச்சியன் ஸ்பிரிங்' பாலேயில்.

நடனக் கலைஞர் மார்த்தா கிரஹாமுக்காக எழுதியது. 1944 அக்டோபர் 30 அன்று, வாஷிங்டனில் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் அரங்கில் அரங்கேறியது. சின்ன அரங்கம், பெரிய குழுவுக்கு இடமில்லை. அதனால் 13 வாத்தியங்கள் மட்டும்: புல்லாங்குழல், கிளாரினெட், பஸ்ஸூன் என்று ஊதும் வாத்தியங்கள் மூன்று, ஒரு பியானோ, மீதி ஒன்பதும் தந்தி வாத்தியங்கள்.

தொடக்கத்தில் கிளாரினெட் நிதானமாக மேலே ஏறும். மற்றவை ஒவ்வொன்றாக வந்து சேர்ந்து, ஆளுக்கொரு சுரத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே நிற்கும். அவசரமே இல்லை. சுரத்துக்கும் சுரத்துக்கும் நடுவே அத்தனை வெளி! பின்னால், ஷேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் பாடிய ஒரு குட்டிப் பாட்டு வருகிறது. அதையும் கிளாரினெட்தான் முதலில் எடுத்துக் கொடுக்கும். பிறகு அதே மெட்டு விதவிதமாக உருமாறி வரும்.

1945இல் இதற்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது. முழு ஆர்க்கெஸ்ட்ராவுக்கும் அவரே மாற்றி எழுதினார். உலகம் அதிகம் கேட்பது அதைத்தான். நீங்கள் முதலில் 13 வாத்திய வடிவத்தைத் தேடிக் கேளுங்கள். பெரிய குழுவில் அந்தக் குட்டிப் பாட்டு கடைசியில் கம்பீரமாக முழங்கும். சின்னக் குழுவில் வில் தந்தியைத் தொடும் சத்தம்கூடக் காதில் விழும்.