பிறப்புச் சான்று வாங்கப் போகிறீர்களா? முதலில் பதிவேடு எந்த ஊரில் இருக்கிறது என்று பாருங்கள்

[திரையில்: பழுப்பேறிய பழைய பதிவேடு ஒன்று, ஒரு கை மெதுவாகப் பக்கம் திருப்புகிறது]

வணக்கம். பிறப்புச் சான்று கேட்டு அலையும் பலரிடம் பேசியிருக்கிறேன். அவர்களில் நிறையப் பேர் முதல் நாளே தவறான அலுவலகத்துக்குப் போயிருப்பார்கள். இப்போது எந்த ஊரில் குடியிருக்கிறார்களோ அந்த ஊர் நகராட்சிக்குப் போய் வரிசையில் நின்றிருப்பார்கள்.

நம் வீடுகளில் தலைப்பிரசவம் என்றால் தாய் வீட்டில்தான். வளைகாப்பு முடிந்ததும் பெண்ணை அழைத்துப் போய்விடுவார்கள். குழந்தை பிறப்பது பாட்டி ஊரில். மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ அப்பா ஊருக்குத் தூக்கி வருவார்கள். அதற்குப் பிறகு ரேஷன் கார்டு, ஆதார், பள்ளிக்கூடம் எல்லாம் அப்பா ஊரில். பிறப்பு மட்டும் பாட்டி ஊர்ப் பதிவேட்டில் பதிந்திருக்கும்.

என் அக்கா மகனுக்கு இதுதான் நடந்தது. பாஸ்போர்ட்டுக்குச் சான்று வேண்டும் என்று, அவர்கள் குடியிருக்கிற ஊர் அலுவலகத்தில் மனு கொடுத்தார்கள். இன்று வா, நாளை வா என்று ஏறக்குறைய இரண்டு மாதம் போனது. கடைசியில் 'பதிவு இல்லை' என்று ஒரு வரிப் பதில். பதிவே செய்யவில்லை போலிருக்கிறது என்று அக்கா அழுதுவிட்டாள். அம்மாதான் நினைவுபடுத்தினாள்: "அவன் பிறந்தது நம்ம ஊர் ஆஸ்பத்திரியில தானேடி?" அங்கே போய்க் கேட்டதும் அன்று மாலையே பக்கம் கிடைத்துவிட்டது. அந்த இரண்டு மாதத்தை வேறு யாரும் இழக்கக் கூடாது என்றுதான் இந்த வீடியோ.

[திரையில்: '1969 - பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம்']

1969ஆம் ஆண்டுச் சட்டப்படி பிறப்பு எந்த இடத்தில் நடந்ததோ, அந்த எல்லைக்குரிய பதிவாளரிடம்தான் பதிய வேண்டும். சான்று என்று நாம் வாங்குவது அந்தப் பதிவேட்டுப் பக்கத்தின் கையொப்பமிட்ட எடுகுறிப்பு, அதாவது அந்தப் பக்கத்திலிருந்து எடுத்து எழுதிய தாள். பக்கம் இருக்கும் இடத்தில்தான் எடுகுறிப்பும் கிடைக்கும்.

ஆஸ்பத்திரியில் பிறந்திருந்தால் தகவல் கொடுக்கும் பொறுப்பு ஆஸ்பத்திரியுடையது. வீட்டில் பிறந்திருந்தால் குடும்பத் தலைவருடையது. கெடு 21 நாள். இங்கே ஒன்றைக் கவனியுங்கள். ஆஸ்பத்திரியில் கொடுக்கிற டிஸ்சார்ஜ் சம்மரி பிறப்புச் சான்று ஆகாது. அதைப் பத்திரமாக வைத்திருங்கள், தேடும்போது உதவும். ஆனால் அதுவே சான்று என்று நினைத்துப் பதினைந்து வருடம் பீரோவில் வைத்திருந்தவர்களை எனக்குத் தெரியும்.

சரி, தமிழ்நாட்டில் அந்தப் பதிவேடு யாரிடம் இருக்கும்?

[திரையில்: மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி, கிராமம் என்று நான்கு கட்டிடப் படங்கள்]

மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி என்றால் அந்தந்த அலுவலகத்தின் சுகாதாரப் பிரிவில் கேளுங்கள். கிராம ஊராட்சி என்றால் விஏஓ, அதாவது கிராம நிர்வாக அலுவலர். ஆனால் விஏஓவிடம் எல்லாப் பழைய புத்தகமும் இருக்காது. பழையவை தாலுகா அலுவலகத்துக்குப் போகும், இன்னும் பழையவை சார் பதிவாளர் அலுவலகத்தில் கிடக்கும். அதனால் முப்பது வருடத்துக்கு முந்தைய கிராமத்துப் பிறப்பு என்றால், விஏஓவிடம் "இந்த வருஷத்துப் புத்தகம் இப்ப எங்கே இருக்கு?" என்று முதலில் கேளுங்கள். அப்புறம் மனு எழுதலாம்.

இன்னொரு சிக்கல், ஊரே இடம் மாறியிருக்கும். 2011இல் சென்னை மாநகராட்சி விரிந்தபோது 42 உள்ளாட்சிகள் அதில் சேர்ந்தன. அம்பத்தூர் அப்போது நகராட்சி, இப்போது மாநகராட்சியின் ஒரு மண்டலம். 1990இல் அம்பத்தூரில் பிறந்தவர் இன்று 'அம்பத்தூர் நகராட்சி' என்று தேடினால் அப்படி ஒரு அலுவலகம் இருக்காது, மண்டல அலுவலகத்தில்தான் விசாரிக்க வேண்டும். 2019இல் ஆவடியும் 2021இல் தாம்பரமும் மாநகராட்சி ஆகின. தாம்பரத்தோடு சேர்ந்த அக்கம்பக்கத்து ஊர்களில் பிறந்தவர்களுக்கும் இதே கதைதான்.

[திரையில்: கைபேசியில் ஒரு இணையதளம்]

போவதற்கு முன்னால் கைபேசியில் ஒரு முறை பார்த்துவிடுங்கள். தமிழ்நாட்டுக்கு சிஆர்எஸ்டிஎன் என்ற தளம் இருக்கிறது. ஆணா பெண்ணா, பிறந்த தேதி, பிறந்த இடம் கொடுத்துத் தேடலாம். சென்னை மாநகராட்சிக்கு அதன் சொந்தத் தளத்திலேயே வசதி உண்டு. சமீப ஆண்டுகளில் பிறந்த குழந்தை என்றால் பெரும்பாலும் வீட்டிலிருந்தே வேலை முடிந்துவிடும். கியூஆர் குறியீட்டோடு வரும் அந்தச் சான்று செல்லும். அதன் மேல் ரப்பர் ஸ்டாம்ப் வாங்க வேண்டும் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

கர்ப்பமாக இருக்கும் பெண்கள் வீட்டில் இருந்தால் கிராம சுகாதார செவிலியரிடம் பதிந்து பிக்மி எண்ணை, அதாவது கர்ப்பப் பதிவு எண்ணை, வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு இலக்கம். பிரசவத்துக்குப் பிறகு பிறப்பைப் பதியும்போது அதைக் கேட்பார்கள்.

தளத்தில் கிடைக்கவில்லையா? நேரில் போக வேண்டியதுதான். மனுவில் இவற்றை எழுதுங்கள்: பிறந்த தேதி, ஆஸ்பத்திரி பெயர் அல்லது வீட்டு முகவரி, அப்பா பெயர், அம்மா பெயர். அம்மா பெயரை அந்தக் காலத்தில் எப்படிச் சொல்லியிருப்பார்கள் என்று யோசித்து எழுதுங்கள். இன்று ஆதாரில் 'லட்சுமி' என்று இருப்பவர், பதிவேட்டில் 'முத்துலட்சுமி'யாக இருக்கலாம். குழந்தையின் பெயரை வைத்துத் தேடச் சொல்லாதீர்கள். பழைய பதிவுகள் பலவற்றில் பெயர்க் கட்டம் காலியாகத்தான் இருக்கும், பிறந்த சில நாளில் பெயர் வைத்திருக்க மாட்டார்களே.

வருடம் சரியாகத் தெரிந்தால் நல்லது. தேடல் கட்டணம் வருடக் கணக்கில்தான் போடுவார்கள். ஐந்து வருடம் தேடச் சொன்னால் ஐந்து வருடத்துக்கும் கட்ட வேண்டியிருக்கும். எவ்வளவு கட்டினாலும் ரசீது வாங்குங்கள்.

[திரையில்: பெயர் இல்லாத ஒரு சான்று, பெயர்க் கட்டம் மட்டும் பெரிதாக்கிக் காட்டப்படுகிறது]

அப்புறம் அந்தக் காலிக் கட்டம். பதிவான நாளிலிருந்து 12 மாதத்துக்குள் பெயரைச் சேர்த்தால் கட்டணம் கிடையாது. அதற்கு மேல் 15 வருடம் வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். பத்தாம் வகுப்புத் தேர்வு நெருங்கும்போதுதான் பல வீடுகளில் இது நினைவுக்கு வருகிறது, அதற்குள் கெடு முடிந்துவிடும். வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் தயவுசெய்து இன்று இரவே அந்தச் சான்றை எடுத்துப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.

எழுத்துப் பிழை இருந்தால் திருத்தலாம். ஆனால் பதிவேட்டில் இருப்பதை அழித்துவிட்டு எழுத மாட்டார்கள். பழையது அப்படியே இருக்கும், ஓரத்தில் திருத்தத்தைக் குறித்துத் தேதி போட்டுக் கையெழுத்திடுவார் பதிவாளர். தகவலே தவறு என்றால், அதாவது தேதியோ பெற்றோர் பெயரோ மாறியிருந்தால், விவரம் தெரிந்த இரண்டு பேரின் உறுதிமொழியும் ஆதாரமும் தேவைப்படும்.

எங்கே தேடியும் பதிவு இல்லை என்றால்? வெறும் வாய்ப்பேச்சை ஏற்றுக்கொண்டு திரும்பி வராதீர்கள். 'பதிவு இல்லை' என்பதற்கே ஒரு சான்று உண்டு, படிவம் 10. அதை எழுத்தில் வாங்குங்கள். ஒரு வருடத்துக்கு மேல் தாமதமான பிறப்பைப் பதிய அதுதான் முதல் தாள். முன்பு சட்டப்படி முதல் வகுப்பு நீதித்துறை நடுவரின் உத்தரவு தேவைப்பட்டது. 2023இல் சட்டத்தைத் திருத்திய பிறகு அந்த அதிகாரம் மாவட்ட ஆட்சியர், கோட்டாட்சியர் நிலைக்கு வந்துவிட்டது. அதாவது, கோட்டாட்சியர் அலுவலகத்தில் மனு கொடுங்கள் (இதையும் ஆர்டிஓ ஆபீஸ் என்பார்கள், வண்டி லைசென்ஸ் தருகிற ஆர்டிஓ வேறு). பள்ளிச் சான்று, தடுப்பூசி அட்டை, ஆஸ்பத்திரித் தாள் எது கையில் இருந்தாலும் கொண்டுபோங்கள்.

[திரையில்: '2023 அக்டோபர் 1']

அதே திருத்தம் இன்னொன்றையும் செய்தது. 2023 அக்டோபர் 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்த குழந்தைகளுக்கு, பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் ஆதாரம் பிறப்புச் சான்றுதான். பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல், திருமணப் பதிவு, அரசு வேலை, ஆதார் எல்லாவற்றுக்கும் இதுதான். நம்மைப் போல டிசியைக் காட்டிச் சமாளிக்கும் வழி அந்தக் குழந்தைகளுக்குக் கிடையாது. பதிவு முடிந்த ஏழு நாளுக்குள் முதல் சான்றை இலவசமாகத் தர வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. பதிவாளரின் முடிவு தவறு என்று நினைத்தால் 30 நாளுக்குள் மாவட்டப் பதிவாளரிடம் மேல்முறையீடு செய்யலாம்.

[திரையில்: கவுண்டர் ஜன்னல் வழியாக ஒரு தாள் நீட்டப்படுகிறது]

சான்று கைக்கு வந்ததும் ஜன்னலை விட்டு நகராதீர்கள். அங்கேயே நின்று தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒவ்வொரு எழுத்தாகப் படியுங்கள்: பெயர், இனிஷியல், அம்மா பெயர், தேதி, பதிவு எண். பிழை தட்டச்சில் நேர்ந்ததா, பதிவேட்டிலேயே இருக்கிறதா என்று அங்கேயே கேட்டுவிடுங்கள். தட்டச்சுப் பிழை என்றால் வேறு தாள் போட்டுத் தருவார்கள். பதிவேட்டுப் பிழை என்றால் திருத்த மனுவை அன்றைக்கே எழுதிக் கொடுத்துவிட்டு, ஒப்புகைச் சீட்டோடு வீட்டுக்கு வாருங்கள்.