பாலியின் தண்ணீர்க் கோயில்கள்: நடவு நாளை முடிவு செய்வது யார்?

[காட்சி: குறுகலான வாய்க்கால். குறுக்கே ஒரு மரக்கட்டை. கேமரா கட்டையை நெருங்குகிறது.]

இந்தக் கட்டையைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். வாய்க்காலுக்குக் குறுக்கே கிடக்கிறது. மேல்பக்கம் இரண்டு வெட்டு. ஆழம் இரண்டிலும் ஒன்றுதான், அகலம்தான் வேறு. தண்ணீர் கட்டையில் வந்து முட்டி, இந்த இரண்டு வெட்டு வழியாகப் பிரிந்து போகிறது. அகலமான வெட்டு அதிக நிலமுள்ள பக்கத்துக்கு, குறுகலான வெட்டு குறைந்த நிலமுள்ள பக்கத்துக்கு. வாய்க்காலில் தண்ணீர் பெருகினாலும் வற்றினாலும் அவரவர் பங்கு விகிதம் அப்படியே இருக்கும். யாராவது ராத்திரியோடு ராத்திரியாக வந்து ஒரு வெட்டில் கல்லை வைத்து அடைத்தால், காலையில் வரப்பில் நடக்கிற எல்லோர் கண்ணிலும் அது பட்டுவிடும்.

இது பாலித் தீவு. இந்த வாய்க்கால் தொடங்குகிற இடத்தில் ஒரு சின்னக் கோயில் இருக்கிறது. பாலிக்குப் போகிறவர்கள் கடற்பாறை மேல் நிற்கும் தனா லோட்டையும் உலுவாத்துவையும் பார்த்துவிட்டு வருவார்கள். பார்க்க வேண்டிய இடங்கள்தான். ஆனால் பாலிக் கோயில் என்ன வேலை செய்கிறது என்று புரிய வேண்டுமானால், இந்த வாய்க்கால் கரைக்குத்தான் வர வேண்டும்.

[காட்சி: மலைச்சரிவில் படிப்படியாக இறங்கும் நெல் வயல்கள்.]

ஒரே நீர்மூலத்தில் இருந்து பாசனம் பெறும் விவசாயிகளின் சங்கத்துக்கு சுபாக் என்று பெயர். தீவு முழுக்க சுமார் 1,200 சங்கங்கள். ஒவ்வொன்றிலும் 50 முதல் 400 பேர் வரை. தலைவரை பெக்காசே என்பார்கள். சங்கத்துக்கு எழுதி வைத்த விதிகள் உண்டு, அந்தக் காலத்தில் பனையோலையில் எழுதினார்கள். வாய்க்கால் தூர்வார வராவிட்டால் அபராதம். கூட்டத்தில் சாதி பார்ப்பதில்லை, எல்லோருக்கும் ஒரே குரல். 11ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டிலேயே சுபாக் பேசப்படுகிறது. அதற்கும் முன்னால், 9ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே, மலையைக் குடைந்து தண்ணீர்ச் சுரங்கம் வெட்டும் தொழிலாளர்களைப் பற்றிய குறிப்பு செப்பேட்டில் வருகிறது.

ஒவ்வொரு சங்கத்துக்கும் கோயில் இருக்கிறது. வயலின் தலைமடையில் ஒரு சிறு மேடை. வாய்க்கால் தலைப்பில் ஊலுன் சுவி என்ற கோயில். பல சுபாக்குகள் சேர்ந்து கும்பிடும் மஸ்செத்தி கோயில்கள். எல்லாவற்றுக்கும் மேலே ஏரிக்கரைக் கோயில், ஊலுன் டானு. தண்ணீர் எந்த வழியில் இறங்கி வருகிறதோ, கோயில்களின் வரிசையும் அதே வழிதான்.

சரி, தண்ணீரைப் பங்கு போடக் கட்டை இருக்கிறதே, கோயில் எதற்கு?

இங்கேதான் விஷயம் இருக்கிறது. நெல் விவசாயிக்குத் தண்ணீர் ஒரு கவலை என்றால் பூச்சி இன்னொரு கவலை. எல்லோரும் ஒரே வாரத்தில் நட்டால் ஒரே வாரத்தில் அறுவடை முடியும். வயல்களில் தண்ணீரைக் கட்டி வாத்துகளை இறக்கிவிட்டால், பூச்சிக்குத் தின்ன எதுவும் இருக்காது, செத்துப்போகும். ஆனால் எல்லோரும் ஒரே நேரத்தில் நட்டால் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தண்ணீர் வேண்டும். அவ்வளவு தண்ணீர் ஆற்றில் கிடையாது. ஆளுக்கொரு நாளில் நட்டாலோ தண்ணீர் போதும், ஆனால் பூச்சி ஒரு வயலில் தின்றுவிட்டு அடுத்த வயலுக்குப் போய்க்கொண்டே இருக்கும்.

அப்படியானால் யார் யார் சேர்ந்து நடுவது, யார் இரண்டு வாரம் தள்ளி நடுவது? இதைப் பேசி முடிவு செய்யும் இடம்தான் கோயில்.

தலைமடைக்காரர் ஏன் கடைமடைக்காரர் பேச்சைக் கேட்க வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றலாம். தண்ணீர் மேலே இருப்பவர் கையில் இருக்கிறது, உண்மை. ஆனால் கீழே இருப்பவர் தண்ணீர் கிடைக்காமல் தாமதமாக நட்டால், அங்கே பெருகும் பூச்சி மேலேயும் ஏறி வரும். தண்ணீரை விட்டுக்கொடுத்தால் பூச்சியிலிருந்து தப்பலாம். எனக்கு இந்த ஏற்பாட்டில் மிகவும் பிடித்த இடம் இதுதான். தலைமடைக்காரருக்கும் கடைமடைக்காரரை விட்டால் கதியில்லை.

[காட்சி: தம்பாக்சிரிங் ஊர். கல் குளத்தில் வரிசையாகக் கொட்டும் நீர்த்தாரைகள்.]

இப்போது பழைய கதை ஒன்று. மாயாதெனாவா என்ற அரசன் தெய்வங்களுக்கு யாரும் பூஜை செய்யக் கூடாது என்று தடை போட்டான். இந்திரன் படையோடு இறங்கி வந்தான். தோற்று ஓடிய மாயாதெனாவா, இந்திரனின் வீரர்கள் தூங்கும்போது, காலடிச் சத்தம் கேட்காமல் பாதத்தின் ஓரத்தால் நடந்து வந்து அருகே நச்சு ஊற்றை உண்டாக்கினான். அதைக் குடித்த வீரர்கள் சாய்ந்தார்கள். இந்திரன் தரையைக் குத்தி நல்ல ஊற்றை வரவழைத்து அவர்களை எழுப்பினான். அந்த ஊற்றுதான் இந்தத் தீர்த்தா எம்புல். கடைசியில் மாயாதெனாவா கொல்லப்பட்டான். அவன் ரத்தம் பெத்தானு ஆறாக ஓடியதாம். அந்த ஆற்றுத் தண்ணீரைப் பாய்ச்சினால் நெல் செழித்து வளரும், ஆனால் அறுக்கும்போது ரத்தம் வடியும் என்று ஆயிரம் ஆண்டுச் சாபம். 210 நாளுக்கு ஒருமுறை வரும் கலுங்கான் திருவிழாவை இந்த வெற்றியோடு சேர்த்துத்தான் சொல்கிறார்கள்.

கதை இருக்கட்டும், கல்லையும் பார்ப்போம். பக்கத்து ஊரான மானுக்காயாவில் எழுத்துப் பொறித்த பழைய கல் ஒன்று இருந்தது. ஆண்டுதோறும் நான்காம் மாதப் பௌர்ணமியன்று ஊர்மக்கள் அதைச் சுமந்து வந்து இந்த ஊற்றில் நீராட்டுவார்கள். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. 20ஆம் நூற்றாண்டில் டச்சுத் தொல்லியலாளர் ஸ்டட்டர்ஹைம் அதைப் படித்தார். 10ஆம் நூற்றாண்டில் இந்த ஊற்று கோயில் குளமாகக் கட்டப்பட்ட செய்தி அதில் இருந்தது. அதில் குறித்திருந்த நாள், நான்காம் மாதப் பௌர்ணமி! எழுத்து மறந்துபோனது. நாள் மட்டும் சுமார் ஆயிரம் ஆண்டுகள் தப்பாமல் வந்திருக்கிறது.

இங்கே குளிக்கப் போகிறவர்களுக்கு ஒரு செய்தி. வரிசையில் இரண்டு தாரைகள் இறந்தவர்களுக்கான சடங்குக்கு உரியவை. அவற்றில் தலையை நீட்டாமல் தாண்டிப் போய்விடுங்கள். அப்புறம், குளித்து முடித்ததும் தண்ணீர் எங்கே போகிறது என்று பின்னாலேயே போய்ப் பாருங்கள். புலகான் சுபாக்கின் நெல் வயலுக்குப் போகிறது.

[காட்சி: பாத்தூர் எரிமலை. கறுத்து உறைந்த எரிமலைக் குழம்பு. கீழே ஏரி.]

ஏரிக்கரைக் கோயில்களில் பெரியது ஊலுன் டானு பாத்தூர். பழைய 50,000 ரூபியா நோட்டில் ஏரி நடுவே நின்ற அழகான கோயில் வேறு, அது பிராத்தான் ஏரிக் கோயில். பாத்தூர்க் கோயிலின் தெய்வம் தேவி டானு, ஏரித் தாய். 1917இல் எரிமலை வெடித்தபோது குழம்பு கோயில் வாசல் வரை வந்து நின்றது. ஊரார் அதை நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டு அங்கேயே இருந்தார்கள். 1926இல் மறுபடி வெடித்தபோது ஊரும் கோயிலும் புதைந்தன. தேவி டானுவின் உயர்ந்த சன்னதி மட்டும் தப்பியது. மக்கள் மலை விளிம்புக்குக் குடியேறி அங்கே மறுபடி கோயில் எழுப்பினார்கள். இன்று நாம் பார்ப்பது அதுதான்.

இந்தக் கோயிலின் தலைமைப் பூசாரி ஜெரோ கெடே. பிராமணர் அல்லர், சாதாரணக் குடியில் பிறந்தவர். முந்தையவர் இறந்த பிறகு, கன்னிப் பூசாரி ஒருத்தி அருள் வந்த நிலையில் ஒரு சிறுவனைக் காட்டுவாள். அவர்தான் ஆயுள் முழுக்க ஜெரோ கெடே. பாத்தூர் ஏரியில் இருந்து வெளியே ஆறு எதுவும் ஓடவில்லை, தண்ணீர் மண்ணுக்குள் கசிந்து கீழே ஊற்றாக வருகிறது என்பதுதான் நம்பிக்கை. அதனால் அவர் கையில் ஒரு மதகுகூடக் கிடையாது. இருந்தும் புது வாய்க்கால் வெட்ட, தகராறு தீர்க்க, சுபாக்குகள் அவரைத் தேடி வருகின்றன.

[காட்சி: 1970களைக் காட்டும் கறுப்பு வெள்ளைப் படங்கள்.]

1970களில் பசுமைப் புரட்சி வந்தது. தஞ்சாவூர் விவசாயிகளுக்கும் நன்றாகத் தெரிந்த ஐ.ஆர். நெல் ரகங்கள் பாலிக்கும் வந்தன. கோயில் கணக்கை விடுங்கள், முடிந்தபோதெல்லாம் நடுங்கள் என்று அதிகாரிகள் சொன்னார்கள். முதலில் விளைச்சல் கூடியது. பிறகு புகையான் என்ற பூச்சி வந்தது. புகையானைத் தாங்கும் ரகம் கொடுத்தார்கள், அதைத் துங்ரோ நோய் தாக்கியது. மருந்து மேல் மருந்து அடித்தார்கள். தண்ணீர் முறை குலைந்தது. விவசாயிகள் கோயில் முறைக்கே திரும்பக் கேட்டபோது, அது பழமைவாதம் என்று தள்ளப்பட்டது.

அந்தச் சமயத்தில் அமெரிக்க மானுடவியலாளர் ஸ்டீபன் லான்சிங்கும் சூழலியலாளர் ஜேம்ஸ் கிரெமரும் ஒரு கணினி மாதிரி செய்தார்கள். ஓஸ், பெத்தானு என்ற இரண்டு ஆறுகள், 172 சுபாக்குகள். ஆம், சாபம் பெற்ற அதே பெத்தானுதான். மழை, ஆற்று நீர், பயிர் வளர்ச்சி, பூச்சிப் பெருக்கம் எல்லாவற்றையும் உள்ளே கொடுத்தார்கள். ஒவ்வொரு சுபாக்கும் தனித்தனியாக நட்டால் என்ன, மொத்தமாக நட்டால் என்ன, குழுக் குழுவாக நட்டால் என்ன என்று ஓட்டிப் பார்த்தார்கள். நல்ல விளைச்சல் தந்த குழு அமைப்பு, தண்ணீர்க் கோயில்களின் குழு அமைப்போடு கிட்டத்தட்ட ஒத்துப்போனது. 1988இல் ஆசிய வளர்ச்சி வங்கியின் மதிப்பீடும் பழைய முறையின் அருமையை உணராததற்குக் கொடுத்த விலை அதிகம் என்று ஒப்புக்கொண்டது.

இதை வைத்து முன்னோர்கள் எல்லாம் விஞ்ஞானிகள் என்று கொண்டாடத் தேவையில்லை என்பது என் கருத்து. பக்கத்து வயலைப் பார்த்து, பேசி, தப்பைத் திருத்திக்கொண்டே வந்தவர்கள் அவர்கள். கோயில் அவர்களை மாதாமாதம் ஒரே இடத்தில் உட்கார வைத்தது. மருந்து மூட்டையோடு வந்தவர்கள் அந்தக் கூட்டத்தைத்தான் கலைத்தார்கள்.

2012இல் யுனெஸ்கோ இந்தப் பாசன நிலப்பரப்பை உலகப் பாரம்பரியமாக அறிவித்தது. ஏறக்குறைய 19,500 ஹெக்டேர். ஆனால் அதற்கு வெளியே வயல்கள் விடுதிகளாக மாறிக்கொண்டிருக்கின்றன. நடுவில் ஒருவர் வயலை விற்றால் வாய்க்கால் அங்கே உடையும். கடைமடைக்காரர் தண்ணீருக்குத் தவிப்பார், தனியாக நடுவார், பூச்சி வரும், அவரும் விற்பார்.

பாலிக்குப் போகிற திட்டம் இருந்தால், மார்ச் ஏப்ரலில் பத்தாம் மாதப் பௌர்ணமியை ஒட்டிப் போங்கள். பாத்தூர்க் கோயிலில் பெரிய திருவிழா. கீழே பல ஊர்ச் சுபாக்குகள் நெல்லும் தேங்காயும் காணிக்கையாகச் சுமந்துகொண்டு வருவார்கள். இடுப்பில் வேட்டியும் கச்சையும் கட்டிக்கொண்டு போனால் நீங்களும் உள்ளே நின்று பார்க்கலாம்.