ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால்

(யாழ்ப்பாணத்தில் நடந்த இசை நாடக விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

விழாத் தலைவர் அவர்களே, எத்தனையோ அலுவல்களுக்கு நடுவில் வந்து முன்வரிசையில் இருக்கும் பிரதேச செயலாளர் அம்மா அவர்களே, பல்கலைக்கழகத்திலிருந்து வந்திருக்கும் பேராசிரியர் ஐயா, அரிச்சந்திரன் பாட்டுகளை எங்கள் காதில் ஏற்றிவிட்ட அண்ணாவியார் ஐயா, பொன்னாடை போர்த்திய சனசமூக நிலையச் செயலாளர் தம்பி, இந்த வெக்கையிலும் ஒலிபெருக்கியோடு மல்லுக்கட்டும் பிள்ளைகளே, பெரியோர்களே, தாய்மார்களே, எல்லோருக்கும் வணக்கம். பெயர் விடுபட்டவர்கள் பொறுத்தருள வேண்டும். பிரதேச செயலாளர் அம்மாவிடம் தனியாக ஒன்று கேட்க இருக்கிறது. அது கடைசியில்.

நெட் ஷெரின் என்ற ஆங்கிலேயரைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அவருடைய தொலைக்காட்சி, மேடை, வானொலி என்று மூன்று பகுதி. 1931இல் சமர்செட்டில் ஒரு விவசாயியின் மகனாகப் பிறந்தவர். ஒக்ஸ்போர்டில் சட்டம் படித்தார். கறுப்புக் கோட்டு காத்திருக்க, 1957இல் பி.பி.சி.க்குப் போய்ச் சேர்ந்தார். அது போதாதென்று மேடைக்கு இசை நாடகமும் எழுதினார். எங்கள் ஊரென்றால் என்ன சொல்லியிருப்பார்கள்? ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால்! வழுக்கியாறு ஒன்றை விட்டால் குடாநாட்டில் ஆறே இல்லை, ஆனாலும் இந்தப் பழமொழியை விடமாட்டோம்.

1962 நவம்பர் 24, ஒரு சனிக்கிழமை இரவு, ‘தட் வோஸ் த வீக் தட் வோஸ்’ என்ற நையாண்டி நிகழ்ச்சியைத் தொடங்கினார். அமைச்சர், பாதிரியார், பத்திரிகை யாரையும் விடவில்லை. அதுவரை ஒளித்துவைத்த கமராவையும் விளக்கையும் பார்வையாளருக்குத் தெரியவே விட்டார். ஒவ்வொரு வாரமும் மில்லிசென்ட் மார்ட்டின் அந்த வாரப் புதினத்தைப் பாட்டாகப் பாடித் தொடங்குவார். எங்கள் பபூன் வந்து ஊர்ப் புதினம் பாடிச் சிரிக்கவைப்பதும் இதேதான். அதைத்தான் அவர் இலட்சக்கணக்கான வீடுகளுக்குள் கொண்டுபோனார்.

இங்கே ஒரு கதை சொல்ல வேண்டும். அந்த நிகழ்ச்சி இரவின் கடைசியில் வரும். முடியும் நேரம் திட்டமில்லை, எவ்வளவு இழுத்தாலும் இழுக்கலாம். மேலிடத்துக்குப் பொறுக்கவில்லை. 1963இல் ஒரு வேலை செய்தார்கள்: நிகழ்ச்சிக்குப் பின்னால் ‘த தேர்ட் மேன்’ என்ற துப்பறியும் தொடரின் பழைய அங்கங்களைப் போட்டார்கள். இனி இவர்கள் நேரத்துக்கு முடித்துத்தானே ஆகவேண்டும்! அறிவிப்பாளர் டேவிட் ஃப்ரொஸ்ட் என்ன செய்தார் தெரியுமா? நிகழ்ச்சி முடிகிற நேரத்தில், அடுத்து வரப்போகும் அங்கத்தின் கதையை முடிவோடு சேர்த்து வாசித்துவிட்டார். கொலைகாரன் யாரென்று தெரிந்த பிறகு யார் கண்விழித்துப் பார்ப்பார்கள்? அடுத்த வாரமும் அப்படியே. அதற்கடுத்த வாரமும். தயாரிப்பாளர் ஷெரின் தடுக்கவில்லை. மூன்று வாரத்தில் அந்தத் தொடரையே தூக்கிவிட்டார்கள். தூக்கச் சொன்னவர் யார்? பி.பி.சி.யின் தலைமை இயக்குநர் ஹியூ கிரீன். அந்தத் தொடருக்கு மூலமான கதையை எழுதியவரோ அவருடைய கூடப்பிறந்த அண்ணன் கிரஹாம் கிரீன்! (கைதட்டல் ஓயச் சற்று நேரமானது.)

1964 தேர்தல் ஆண்டு என்று சொல்லி, 1963 முடிவதற்குள் நிகழ்ச்சியையே நிறுத்திவிட்டார்கள். அது வேறு கதை.

சரி, மேடைக்கு வருவோம். கரில் பிராம்ஸ் என்ற அம்மையாரோடு சேர்ந்து எழுதினார். அவர் ஷெரினைவிட ஏறக்குறைய முப்பது வயது மூத்தவர். 1982இல் அவர் இறக்கும்வரை அந்தக் கூட்டு உடையவில்லை. மேரி லொயிட் என்ற பழைய மேடைப் பாடகியின் வாழ்க்கையை 1970இல் இசை நாடகமாக்கினார்கள். ஆனால் நான் பிடித்துக்கொள்வது 1976இல் வந்ததை. அமெரிக்க இசையமைப்பாளர் ஸ்டீபன் சொண்ட்ஹைமின் பாட்டுகளை மூன்று பேர் பாட, ஷெரின் நடுவில் இருந்து கதை சொல்ல, இரண்டு பியானோ. பெரிய காட்சியமைப்பு இல்லை, படை பட்டாளம் இல்லை. லண்டனில் ஓடி, அடுத்த ஆண்டு நியூயோர்க்குக்கும் போனது. தொலைக்காட்சியில் கற்ற சிக்கனம் மேடைக்கு உதவியது என்பது என் கட்சி. ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் வைத்தவனுக்குத்தான் இரண்டின் ஆழமும் தெரியும்.

நான்கு பேர், இரண்டு வாத்தியம்! எங்கள் இசை நாடகத்துக்கு இதைவிட அதிகம் வேண்டுமா? ஆர்மோனியம், மிருதங்கம், ஒரு சோடித் தாளம். எங்கள் இசை நாடக நடிகர் நடிகமணி வைரமுத்து 1989இல் போய்விட்டார். அவருடைய அரிச்சந்திர மயான காண்டத்தை விடிய விடிய இருந்து பார்த்தவர்கள் கையைத் தூக்குங்கள். பாருங்கள், எல்லாம் நரைத்த தலைகள். அவரிடம் கற்றவர்கள் இருக்கும்போதே முழு நாடகமாகப் பதிய வேண்டாமா? கைபேசியில் கால் மணித்தியாலம் எடுத்து முகநூலில் போடுவது பதிவு அல்ல. இரண்டு கமரா வேண்டும், ஆர்மோனியத்துக்குத் தனி ஒலிவாங்கி வேண்டும், கலைஞர்களுக்குக் கையில் காசு கொடுக்க வேண்டும். பொன்னாடை போதாது.

வானொலி என்றேன். 1986இலிருந்து பல ஆண்டுகள் அங்கும் சனிக்கிழமை நிகழ்ச்சி நடத்தினார், 2007இல் காலமானார். தலைவர் மணிக்கூட்டைப் பார்க்கிறார், அதனால் அது இன்னொரு மேடைக்கு.

அம்மா, உங்கள் அலுவலகத்தில் கலாசார உத்தியோகத்தர் இருக்கிறார், கலாசார மையத்தில் மண்டபம் இருக்கிறது. மாதம் ஒரு இரவு போதும். அரிச்சந்திராவில் தொடங்குவோம். திகதியை மட்டும் சொல்லுங்கள், ஆர்மோனியக்காரரை நான் கூட்டிவருகிறேன்.